சுட்ட தோட்டா உறையை மறுபடி அளவுக்குக் கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி ஓக்லா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் டூல் ரூம் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறை) வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பின் மயூர் விஹார்வாசி. அண்ணன் மகன் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கிறான். அங்கே அவனோடு மூன்று மாதம் தங்கியபோது, கார் நிறுத்தும் கொட்டகையில் அவன் போட்டிருந்த பட்டறை மேசைதான் எனக்குப் பெரும்பொழுதுபோக்கு. சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகளை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாக நிரப்பி, திரும்பவும் பயன்படுத்துகிறான். திரும்பி வந்து மலை மந்திர் முருகன் கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். வெடிமருந்தின் வகை, அளவு பற்றி இதில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது உலோகமும் அளவுகளும் மட்டுமே.

இதைத் தில்லியில் வீட்டில் செய்யலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. முன்னது கையில் இருப்பதால் பின்னது தானாக வந்துவிடாது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு. ஆயுள் வரை போகலாம்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. அந்தச் சட்டம் 'தோட்டா' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். ஆகவே "மருந்து போடாமல் வெறும் உறையைத்தானே அழுத்துகிறேன்" என்ற வாதத்தை நம்பி யாரும் உறையை நெருக்கும் பிரஸ் என்ற கை இயந்திரத்தை வாங்கிவிட வேண்டாம்.

அப்படியானால் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

வெளிநாட்டில் சட்டப்படி இதைச் செய்யும் பிள்ளைகள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று புரியாமல் பெற்றோர் பயப்படுகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், உலோகம் பிடித்தவனுக்குக் காரணமே தேவையில்லை.

சுடும்போது உறைக்கு அப்படி என்ன ஆகிறது?

அண்ணன் மகனிடம் இருப்பது .308 வின்செஸ்டர், 1952இல் வந்த தோட்டா. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. அந்த ஒரு கணத்தில் பித்தளை உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இப்படித்தான். அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே சுருங்குகிறது. அதனால்தான் உறையை வெளியே இழுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சுட்ட உறை என்பது அந்தத் துப்பாக்கி அறையின் வார்ப்பு மாதிரி. அளவுக்குக் கொண்டுவரும் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஏன் பித்தளை? இரும்பு மலிவாயிற்றே?

இரும்பு உறைகளும் உண்டு. பொதுவாக ஒருமுறைக்கு மேல் யாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இந்தக் கலவை ஆழமாக இழுத்தாலும் கிழியாது, விட்டால் கொஞ்சம் எம்பித் திரும்பும். ஒரே ஒரு குணக்கேடு, அடிக்க அடிக்க இறுகும். மொராதாபாத் பட்டறைகளிலும் கும்பகோணத்துப் பாத்திரக் கடைத்தெருவிலும் இதைத் தெரியாத கைவினைஞர் இல்லை. நாலு சுற்று தட்டிவிட்டு ஒருமுறை தீயில் காட்டி இளக்குவார்கள். தோட்டா உறைக்கும் அதே வைத்தியம்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

'டை' என்ன வேலை செய்கிறது?

கடினப்படுத்திய எஃகில் உறையின் வடிவத்திலேயே குடைந்த பொந்து அது. பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினால் உறை அதற்குள் ஏறும். உடலும், குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்தும் நெருக்கப்படும், இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவான தோள் பின்னுக்குத் தள்ளப்படும். நடுவிலுள்ள ஊசி, உறையின் அடியில் இருக்கும் சுட்டுத் தீர்ந்த பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கீழே தட்டிவிடும். திரும்ப இறங்கும்போது ஊசிக்கு மேலே இருக்கும் சிறு உருண்டை, கழுத்தின் உள்வாயைச் சரியான அளவுக்கு விரிக்கும். ஒரு மேல், ஒரு கீழ், நாலு வேலை. முதல் நாள் பார்த்தபோது யார் யோசித்தார்களோ என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

முழு உறையையும் நெருக்க வேண்டுமா, கழுத்து மட்டும் போதுமா?

இதில் இரண்டு கட்சி. கழுத்தை மட்டும் நெருக்கினால் பித்தளைக்கு வேலை குறைவு, உறை அதே துப்பாக்கிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பது பழைய கட்சி. உண்மைதான், நாலைந்து சுற்று வரை. அதற்குப் பிறகு உடல் தடித்து, போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) மூட மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மேலும் ஒரு துப்பாக்கியில் சுட்டதை வேறொன்றில் போட முடியாது. தானியங்கித் துப்பாக்கிக்கு இந்த முறை ஆகவே ஆகாது.

இப்போது துல்லியப் போட்டிக்காரர்களிலேயே பலர், ஒவ்வொரு முறையும் முழு உறையை நெருக்குகிறார்கள். ஆனால் மிகக் குறைவாக. என் ஓட்டும் அவர்களுக்குத்தான். இயந்திரத்தில் எதுவும் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மல்லுக்கட்டி மூடும் எதையும் டூல் ரூமில் நாங்கள் 'கச்சிதம்' என்று சொல்லமாட்டோம்.

அந்த 'மிகக் குறைவு' எவ்வளவு?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

.308 போன்ற, துருத்திய விளிம்பில்லாத உறை அறைக்குள் போய் நிற்பது தோளில்தான். தோள் அறையின் தோளில் முட்டும், அடிப்பகுதி போல்ட்டின் முகத்தில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையே அறை தரும் தூரத்தைச் சோதிக்க அளவுக்கட்டைகள் இருக்கின்றன. போல்ட் மூடியே ஆகவேண்டிய கட்டை 41.40 மில்லிமீட்டர், மூடக்கூடாத கட்டை 41.50. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான்.

உன் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோள் எங்கே நிற்கிறதோ, அதிலிருந்து போல்ட் ரைஃபிளுக்கு 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் போதும். தானியங்கியானால் 0.08 முதல் 0.1 வரை. அவ்வளவே.

ஆனால் டை பெட்டியில் வரும் தாளில் என்ன போட்டிருக்கிறது? "உறைதாங்கியைத் தொடும்வரை டையைத் திருகு, பிறகு இன்னும் கொஞ்சம் திருகு" என்கிறது. பிரஸ்ஸில் உறையின் அடியைப் பிடித்திருக்கும் துண்டுதான் உறைதாங்கி. எந்தத் துப்பாக்கியிலும் நுழையட்டும் என்ற பாதுகாப்புக்காக எழுதியது அது. அதை அப்படியே செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். அடுத்த முறை சுடும்போது பித்தளையின் முன்பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ள, பின்பகுதி போல்ட்டை நோக்கி இழுபடும். இழுபடும் இடம் அடிப்பகுதிக்குச் சற்று மேலே. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மெலிந்து மெலிந்து, ஒருநாள் உறை இரண்டாக அறுந்துவிடும். பாதி வெளியே வரும், பாதி அறைக்குள்ளேயே நிற்கும். அன்று வாயு பின்பக்கம் கசிந்தால் முகத்துக்கு நேரேதான்.

இதற்கு மேல் ஒரு விசித்திரம். டை உறையின் உடலை முதலில் நெருக்கும்போது, பித்தளைக்குப் போக வேறு இடமில்லாததால் தோள் முன்னுக்கு நகர்கிறது. டையின் தோள் வந்து அழுத்திய பிறகுதான் பின்வாங்கத் தொடங்கும். ஆக, டையைப் போதுமான அளவு இறக்காமல் நெருக்கினால் உறை முன்பைவிட நீண்டு, போல்ட் மூடாது. "இப்போதுதானே நெருக்கினேன், முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லையே" என்று திகைப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். டையைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று இறக்கி, ஒவ்வொன்றுக்கும் அளந்து பார்ப்பதுதான் வழி.

எதை வைத்து அளப்பது? சாதாரண வெர்னியர் போதாதா?

தோள் சரிவானது; வெர்னியர் தாடை அதில் நிற்காது. வெர்னியரில் பொருத்திக்கொள்ளும் சிறு துளைக்கட்டை ஒன்று விற்கிறார்கள். துளை தோளின் நடுவில் உட்காரும். அது காட்டும் எண் உண்மையான நீளம் அல்ல, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சுட்ட உறைக்கும் நெருக்கிய உறைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. ஒன்றை அளந்து முடிவு கட்டாதே. ஐந்தாறு உறைகளையாவது அளந்து பார்.

மசகாகத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

இதைக் கேட்டவர் பெயரைச் சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் தலைக்கு. எஃகும் பித்தளையும் அந்த அழுத்தத்தில் உரசும்போது மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். கம்பளிக் கொழுப்பு கலந்த மெழுகு மாதிரியான மசகுதான் இதற்கு. விரல் நுனியில் பட்டும் படாமலும் எடுத்து உடலில் தடவ வேண்டும். தோளில் வேண்டாம், அதிகமானால் டைக்குள் தேங்கி, தோளில் குழி விழச் செய்யும்.

மசகே இல்லாவிட்டால்? அதையும் செய்து பார்த்துவிட்டேன். பேச்சு சுவாரசியத்தில் ஒன்பதாவது உறையைத் துடைத்த கையோடு அப்படியே ஏற்றிவிட்டேன். கைப்பிடி பாதியில் நின்றது. பலத்தைக் காட்டி இழுத்தேன். விளிம்பு பிய்ந்து தாங்கியோடு வந்தது, உறை டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அண்ணன் மகன் ஒன்றும் சொல்லவில்லை, "சித்தப்பா, காபி குடிக்கலாமா?" என்றான். காபிக்குப் பிறகு ஊசித்தண்டை விலக்கி, உறையின் அடியைத் துளைத்து, மரை வெட்டி, மேலே வாஷர் வைத்து மரையாணியால் இழுத்து எடுத்தேன். மொத்தப் பயணத்திலும் என் தொழிலுக்கு அங்கே மரியாதை கிடைத்த நேரம் அதுதான்.

வேலை முடிந்ததும் மசகை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். வழுக்கும் உறை அறைச்சுவரைப் பிடிக்காது. அந்த விசை போல்ட்டின் மேல் கூடுதலாக விழும்.

கழுத்து எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

.308இன் குண்டு 7.82 மில்லிமீட்டர். கழுத்தின் உள்வாய் அதைவிட 0.05 மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால் பெரும்பாலும் போதும். முக்கியம் எண் அல்ல, எல்லா உறைகளிலும் அது ஒன்றுபோல் இருப்பதுதான். உள்வாயில் கரி படிந்து காய்ந்திருந்தால் விரிக்கும் உருண்டை கிறீச்சிட்டுக்கொண்டு வரும், கழுத்தையும் ஒருபக்கம் இழுத்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, நைலான் தூரிகையால் உள்ளே துடைக்க வேண்டும்.

நீளம் கூடுமா?

கூடும். நெருக்கும்போதெல்லாம் பித்தளை கழுத்துப் பக்கம் வழிகிறது. .308க்கு உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், வெட்டி நிறுத்தும் நீளம் 50.93. நெருக்கிய பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் அந்த வேலை வீண். நீண்ட உறையின் வாய் அறையின் முன்விளிம்பில் நெரிந்து, குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். வெட்டிய பின் உள்ளும் புறமும் பிசிறு எடுக்க மறக்கக் கூடாது.

ஒரு உறை எத்தனை முறை தாங்கும்?

ஒரே எண் சொல்பவரை நம்பாதீர்கள். தோளை எவ்வளவு தள்ளுகிறாய், எவ்வளவு அழுத்தத்தில் சுடுகிறாய் என்பதைப் பொறுத்தது. அடிப்பகுதிக்கு மேலே வெளிச்சமான வளையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிதாக மடித்து, உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறை அவ்வளவுதான். பிரைமர் தளர்ந்து உட்கார்ந்தாலும் அப்படியே. தூக்கிப் போடும்முன் சுத்தியால் நசுக்கிவிடுவான் என் அண்ணன் மகன், யாரும் பொறுக்கிக்கொண்டு போகாதிருக்க.

தீயில் காட்டுவது எதற்கு?

இறுகிய கழுத்தை இளக்க. இளக்காத கழுத்து சில சுற்றுகளில் நெடுக்காக வெடிக்கும். அதற்கு முன்பே, நெருக்கினாலும் எம்பித் திரும்பி அளவு சொன்னபடி கேட்காது. கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சுடரில் காட்டுவார்கள். அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. அது இறுக்கமாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். எஃகைப்போல் பித்தளையைத் தண்ணீரில் போட்டால் கடினமாகிவிடுமோ என்று கேட்கிறார்கள். ஆகாது. சூடு கீழே பரவாமல் நிறுத்துவதற்குத்தான் தண்ணீர்.

இதில் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் படைகளின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, கை படாமலே உறைகளில் விரிசல் விட்டது. மழைப் பருவத்தில் வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயரிட்டார்கள். காரணம் புலப்பட்டது 1921இல். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. இறுக்கத்தைத் தீயில் தணித்தால் விரிசல் அடங்கும். ராணுவ உறைகளின் கழுத்தில் இன்றும் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை அந்தத் தீயின் அடையாளம். அழுக்கு என்று தேய்க்க வேண்டியதில்லை.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி போடும் வீட்டில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம். கொள்கை சரி: புளியில் உள்ள அமிலம் பித்தளையின் கறையைக் கரைக்கிறது. அங்கே அதற்குச் சிறிது சிட்ரிக் அமிலம் போட்ட வெந்நீர். சில நிமிடம்தான். ஊறப்போட்டு மறந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பித்தளை ரோஜா நிறமாகிவிடும். அந்த உறை பலமிழந்தது. அம்மோனியா கலந்த பாலிஷ் எதுவும் கூடாது. ஏன் என்று லாயக் கதை சொல்லிவிட்டது.

பிரைமர் கரியில் ஈயம் இருப்பதால் அந்தத் தூசி சமையலறைக்குள் வரக்கூடாது. கழுவும் பாத்திரமும் தனி, கையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதைச் சொன்னபோது ஒரு மாமி, "அப்போ விளக்குத் தேய்க்கிற நாரைத் தொடவே கூடாது" என்றார். மிகச் சரி.

என் மகள் துக்ளகாபாத்தில் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கு இது தேவையா?

1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் சுடுதளத்தில்தானே? அவள் சுடுவது காற்றுத் துப்பாக்கியானால் உறையே கிடையாது. .22 ஆனால் பிரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறைதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் போனது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியோடு.

ஊரில் தாத்தாவின் .315 ரைஃபிள் இருக்கிறது, உரிமத்தோடு. அதன் உறைக்கும் இதே கணக்கா?

இல்லை. இஷாப்பூரில் செய்த அந்த ரைஃபிளின் தோட்டாவுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு. அது அறையில் நிற்பது விளிம்பில், தோளில் அல்ல. ஆகவே அறையின் தோள் கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் துப்பாக்கி குறைசொல்லாது. பித்தளைதான் ஒவ்வொரு சுற்றிலும் முன்னுக்கு ஓடி அவதிப்படும். இதேபோல் விளிம்புள்ள .303ஐ வெளிநாட்டில் மறுபடி நிரப்புகிறவர்கள், முழுக்க நெருக்கினால் உறை சீக்கிரம் அறுந்துவிடுகிறது என்று கழுத்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். மேலே நான் கேலி செய்த பழைய கட்சிக்கு இந்த இடத்தில் ஒரு வெற்றி. உங்களுக்கு இது தகவல் மட்டும். சுட்ட தோட்டாவுக்குப் பதில் உரிமக் கடையில் புதியது வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு வெற்று உறையை நினைவுப்பொருளாகக் கொண்டுவரலாமா?

வேண்டாம். சட்டம் பாகங்களையும் தோட்டா என்றே சொல்கிறது என்று முதலிலேயே எழுதினேன். பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காகத் தில்லி விமான நிலையத்தில் வழக்கு வாங்கி, உயர் நீதிமன்றம் வரை போய் "எனக்குத் தெரியாது" என்று மெய்ப்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும் முந்தைய இரவு அண்ணன் மகன் தன் பழைய முதுகுப்பையை எனக்குக் கொடுத்தான், ஊறுகாய் பாட்டில்களை வைத்துக்கொள்ள. அவன் சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் செய்தித்தாள் விரித்துத் தலைகீழாக உதறினேன். மூன்று ரசீது, ஒரு காது அடைப்பான், பக்கவாட்டு அறையின் தையல் மடிப்புக்குள் ஒரு பித்தளை உறை. அதன் கழுத்தில் விரிசல் வேறு. நசுக்கும் டப்பாவில் போட்டுவிட்டு, பையையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். ஊறுகாய் துணிப்பெட்டியில் வந்தது.